ஊரை வெளியே நிறுத்தி எடுத்த நூலகப் படம்

கட்டடத்தைப் படம் எடுப்பது சுலபம் என்று உங்களில் யாராவது நினைத்தால், தயவுசெய்து அந்த நினைப்பைக் கைவிடாதீர்கள். நானும் அதை வைத்துக்கொண்டு சில வருஷம் நிம்மதியாக இருந்தேன். கட்டடம் கண் சிமிட்டாது. பொத்தானை அழுத்தும் நேரத்தில் தும்மாது. "என்னை ஏன் இவ்வளவு கறுப்பா எடுத்தே?" என்று பிரிண்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வராது. கல்யாண வீடுகளில் அடிவாங்கியவனுக்குக் கட்டடம் கடவுள் மாதிரி. அது பேசாது என்பதுதான் அதனிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம். அதற்குள் இருக்கிறவர்கள் பேசுவார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நம் போட்டோக்காரர் சங்கத்து மலருக்கு அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் மீந்திருப்பவை பெரும்பாலும் தப்புகள்தான். அவற்றில் பார்க்க லட்சணமாக இருக்கும் ஒன்றை எடுத்துத் துடைத்து வைக்கிறேன். எத்தனை விநாடி, எந்த மருந்து என்பதெல்லாம் டப்பாவுக்குள் வரும் காகிதத்திலேயே அச்சாகியிருக்கும். கத்தரியை எப்போது கீழே வைப்பது என்பது எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில், பாத்திரக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் நடுவில் என் ஸ்டூடியோ. தொழிலை யாரிடமும் கற்கவில்லை. ஒரு பழைய மரப்பெட்டிக் கேமராவை வாங்கி, படம் எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தபோது, கெடாமல் எடுப்பதற்கு மிச்சமிருந்தது ஒரே வழிதான். அந்தப் பெட்டிக்கு வைட் ஆங்கிள் லென்ஸ் கிடைத்தது பாண்டிச்சேரியில். பிரான்சுக்குக் கப்பலேறிய ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது, சூப்புக் கிண்ணத்துக்குள் அது கிடந்தது. கொண்டுவந்து மாட்டினேன். எதிர் டீக்கடைக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, எங்க மாமியா கண்ணு மாதிரி திரும்பாமலே ரெண்டு பக்கமும் பாக்குது" என்றார். அந்த லென்ஸைப் பற்றி இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்தக் கண்ணுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. நடுவில் இருப்பதை ஒழுங்காகக் காட்டும். ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும். இதை அவலூர்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் தெரிந்துகொண்டேன். குறுகலான கூடம், நாற்பது பேர், ஒரே வரிசை. புது லென்ஸ் இருக்கும் திமிரில் எல்லாரையும் அடக்கிவிட்டேன். பிரிண்ட் போட்டால், ஓரத்தில் நின்ற மாப்பிள்ளையின் தாய்மாமன் முகம் முற்றின பலாப்பழம் மாதிரி பக்கவாட்டில் பெருத்திருந்தது.

"என் மூஞ்சிய இன்னாய்யா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலீங்க. நீங்க ஓரத்துல நின்னீங்க. ஓரத்துல நின்னா இந்த லென்சு அப்படித்தான்..."

"ஓரமா? தாய்மாமன்யா நானு! நான் நிக்கிற எடம் ஓரமா?"

முகம் பெருத்ததைக்கூட மன்னித்திருப்பார். அந்த வார்த்தையை மன்னிக்கவில்லை. அவர் மட்டும் தெரியும்படி இன்னொரு படம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் என் கேமராக் கால்களை விட்டார்.

இதிலிருந்து நான் ஒரு பாடம் கற்றேன். தப்பான பாடம். அன்றிலிருந்து வைட் ஆங்கிளில் எடுத்த எதையும் இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடையைப் பிரிண்ட் போடும்போதே கறுப்புக் காகிதத்தால் மறைத்து, அந்த வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். ஓரத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. பார்த்தால்தானே வருத்தம்.

இந்த நிலைமையில்தான் எங்கள் ஊருக்குப் புது நூலகக் கட்டடம் வந்தது.

அதுவரை நூலகம் எண்ணெய்க் கடையின் மாடியில் இருந்தது. செங்குத்தான மரப்படி. படித்துவிட்டு இறங்குகிறவர்கள் மேல் கடலை எண்ணெய் வாடை அடிக்கும். நூலகர் எட்டு வருஷமாக மனு எழுதினார். அவருடைய கையெழுத்து அழகாக இருந்ததற்கு அந்த மனுக்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன். கடைசியில் இடம் கிடைத்து, கட்டடமும் வந்தது. சும்மா கட்டடம் இல்லை, மாடர்ன் கட்டடம். ஓடு கிடையாது, தட்டையான கான்கிரீட் கூரை. முன்பக்கம் தூணே இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் முகப்பு. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஒரே நீள ஜன்னல். உள்ளே தடுப்பில்லாத ஒரே ஹால். ஊர்க்காரர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டி முடிச்சப்புறம் சொல்லி அனுப்புங்க" என்றார்கள். அனந்தபுரத்திலிருந்து சந்தைக்கு வந்த ஒருவர் அந்த முகப்புக்கு அடியில் நிற்கவே மாட்டேன் என்று வெயிலில் நின்றார். "தூணு வெக்க மறந்துட்டாங்க. ஞாபகம் வந்து எடுத்துக்கினு வர வரைக்கும் அது நிக்கணுமே" என்பது அவர் கவலை.

ஆனால் ஒரு மாதத்துக்குள் ஹால் நிரம்பிவிட்டது. ஹால் என்றால் பெரிய இடமில்லை. நாலு நீள மேசை, எட்டு பெஞ்சு, சுவரோரம் அலமாரிகள், கிழக்குக் கோடியில் ஒரு துணித் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கென்று ஒரு பெஞ்சு. நூலகர் தானாகப் போட்டது. எண்ணெய்க் கடை மரப்படியில் ஒரு பெண் ஏறி எவரும் பார்த்ததில்லை. இங்கே முதலில் வந்து உட்கார்ந்தவர் வளையல் கடை ருக்மணியம்மா.

பகல் ஒரு மணிக்குக் கடைத்தெருவில் ஈ பறக்கும். அந்த நேரத்தில் கடையை மகனிடம் விட்டுவிட்டு வருவார். வாரப் பத்திரிகையின் தொடர்கதையை எழுத்துக் கூட்டி, உதடு அசைய, ஒரு வரியும் விடாமல் படிப்பார். "வீட்ல படிக்கக் கூடாதாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வீட்ல புக்கக் கையில எடுத்தா ஒருத்தனுக்குத் தண்ணி வேணும், ஒருத்தனுக்குச் சட்டைக்குப் பட்டன் தெக்கணும். இங்க வந்து குந்தினா ஒரு மணி நேரம் யாருக்கும் நான் வேணாம்" என்றார். பெண்கள் பெஞ்சு எதற்கு என்று நூலகர் எட்டு வருஷ மனுவில் எழுதியிருந்தால்கூட இவ்வளவு சரியாக எழுதியிருக்க மாட்டார்.

கட்டடத்தை வரைந்து கட்டிய என்ஜினியர் ஒரு நாள் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். வெளியூர்க்காரர், கறுப்புக் கண்ணாடி, கையில் வரைபடச் சுருள். இந்த நூலகத்தைப் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்தில் மாட்ட வேண்டும். இன்னும் நாலைந்து ஊரில் கட்டடம் வரப்போகிறது, எல்லாவற்றுக்கும் நான்தான் போட்டோக்காரன் என்றார். அன்று என் மனைவியிடம் நான் நடந்துகொண்ட விதத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சாப்பாட்டு இலையில் உப்பு வைக்கச் சொல்வதைக்கூட மாடர்னாகச் சொன்னேன்.

முதலில் வெளிப்படம். முகப்புக்குப் பின்னால் ராஜகிரி மலை, மேலே கோட்டையோடு தெரிந்தது. "அது ஃப்ரேம்ல வரக் கூடாது. பழசு தெரிஞ்சா மாடர்ன் லுக் அடிபட்டுடும்" என்றார் என்ஜினியர். நூலகம் கட்டுவதற்கு முன்பே யாராவது மலையிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை ஒதுங்கியிருக்கும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, முகப்பைக் கொண்டே மலையை மறைத்தேன். அந்தப் படத்தில் செஞ்சி எங்கே இருக்கிறது என்று செஞ்சிக்காரனாலேயே சொல்ல முடியாது. என்ஜினியருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பிறகு உள்படம். பகல் ஒன்றேகால். ஹாலில் இருபது பேர் இருக்கலாம். பெண்கள் பெஞ்சில் ருக்மணியம்மாவோடு இன்னும் இரண்டு பேர்.

"எல்லாரையும் வெளிய அனுப்புய்யா."

"ஒரு நாலு பேராவது படிச்சிக்கிட்டு இருந்தா நல்லா இருக்குமே சார்? லைப்ரரிதானே?"

"ஆள் இருந்தா கண்ணு ஆள் மேல போவும். கட்டடத்தை எவன் பார்ப்பான்? லைன்ஸ்யா, லைன்ஸ்!"

ஆக, லைன்ஸ் தெரிய வேண்டுமென்று படிக்கிறவர்கள் வெளியேறினார்கள். மேசைகளும் பெஞ்சுகளும் வெளியேறின. தண்ணீர்ப் பானை, வாசலில் கிடந்த செருப்புகள், நாள்காட்டி, துணித் தட்டி, எல்லாம் வெளியேறின. நூலகர் மட்டும் தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி இருக்கலாம், அவர் போகலாம் என்று தீர்ப்பானது.

நான் மூலையில் முதுகு சுவரில் உரசக் கேமராவை நிறுத்தினேன். பழக்க தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். பத்து வருஷமாக லென்ஸ் மூடியைக் கழற்றுமுன் உரக்கச் சொல்லிச் சொல்லி என் வாய்க்கு ஊறிப்போன வாக்கியம் ஒன்று உண்டு. காலி ஹாலைப் பார்த்தும் அதையே கத்தினேன்:

"ஆடாம, அசையாம, மூச்சு வுடாம நில்லுங்க!"

மூடியைக் கழற்றினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு விநாடி எண்ணினேன். மூடினேன்.

"முடிஞ்சுதா போட்டோக்காரரே? மூச்சு வுடலாமா?" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது.

திரும்பினால், நீள ஜன்னலுக்கு வெளியே ஊரே நிற்கிறது. நகர்ந்து போனவர்கள்கூட என் குரலைக் கேட்டவுடன் ஓடிவந்து, கட்டைச்சுவரில் கையை ஊன்றி, கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்து, ஆணி அடித்துவைத்த மாதிரி நின்றிருக்கிறார்கள். தீபாவளிக்குத் தீபாவளி என் ஸ்டூடியோவில் நின்று பழகியவர்கள். ஒரு முகம்கூட அசையவில்லை. கையில் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்துப் பிடித்தபடி, கேமராவுக்கு மிக அருகில், ருக்மணியம்மா.

இன்னொரு நெகட்டிவ் தகடு போட்டு மறுபடி எடுத்திருக்கலாம். என்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் நினைத்தேன்: ஓரம்தானே. எப்படியும் வெட்டத்தானே போகிறோம்.

வெட்டினேன். படம் பிரமாதமாக வந்தது. பிரமாதம் என்றால், நாலு மேசை போட்டால் நடக்க இடமில்லாத ஹால் ரயில்வே ஸ்டேஷன் மாதிரி நீண்டு போனது. தூரத்தில் நூலகரின் நாற்காலி, பொம்மைக் கொலுவில் வைத்த மாதிரி குட்டியாக இருந்தது. டீக்கடைக்காரர் பிரிண்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பஸ்சு வுடுவாங்களா?" என்று கேட்டார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த நாளில் நான் எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, பகல் வேளையில் நூலகர் ஸ்டூடியோவுக்குள் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு கடித நகல். படிக்கக் கொடுத்தார். தலைமை அலுவலகத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து யாரோ யோசித்திருக்கிறார்கள். மேற்படி ஹாலில் பயன்படாத இடம் மிகுதியாகக் காணப்படுவதாலும், வாசகர் எவரும் காணப்படாததாலும், கிழக்குப் பாதியைத் தடுத்து விதை நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, மூட்டைகள் அடுக்க ஒதுக்கலாம் என்று எழுதியிருந்தது. அன்று கடலூரிலிருந்து வந்திருக்கும் அதிகாரி கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

கிழக்குப் பாதி என்றால் பெண்கள் பெஞ்சு.

"நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்களேன் சார்" என்றேன்.

"சொன்னேன். 'அதான் படம் இருக்கே, எதுக்கு நேர்ல' என்கிறார். டிராவலர்ஸ் பங்களாவில் இருக்கார். நாலு மணிக்கு ஜீப், திண்டிவனத்தில் ரயில்." நூலகர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "இடம் இல்லை இடம் இல்லைன்னு எட்டு வருஷம் எழுதினேன். இடம் ஜாஸ்தியா இருக்குன்னு நீங்க ஒரே படத்தில் எழுதிட்டீங்க" என்று மட்டும் சொன்னார்.

என் மூளை உடனே வேலை செய்தது. அதுதான் ஆபத்து. "கவலைப்படாதீங்க சார். இப்பவே வரேன். கடைத்தெருவுல இருக்கற அத்தனை பேரையும் உள்ள திணிச்சு, வேற லென்ஸ் போட்டு, மூச்சு முட்டற மாதிரி ஒரு படம் எடுத்துடலாம்" என்று கேமராக் கால்களைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன்.

தட்டிக்குப் பின்னாலிருந்து ருக்மணியம்மா எழுந்து வந்தார். நூலகர் விஷயத்தைச் சொன்னார். ருக்மணியம்மா பத்திரிகையை மூடவில்லை. படித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு எங்கள வெளிய தள்ளிட்டு எடுத்தே. இன்னிக்கு உள்ள தள்ளிட்டு எடுக்கப் போறியா?"

"அக்கா, அது வந்து..."

"அன்னிக்கு மூச்சு வுடாதீங்கன்னு கத்தினியே, கழுத்து நோவ நின்னனே, அந்தப் படம் எங்க?"

"அதுல நீங்க இல்லக்கா."

"நானு நின்னேன்யா! நான் நின்ன படத்துல நான் எப்படி இல்லாம போவேன்?"

பிள்ளைகளே, கேள்வி இவ்வளவுதான். பத்து வருஷம் கத்தரி பிடித்த கைக்கு அது சுருக்கென்று பட்டது. நான் வெட்டியது பிரிண்டைத்தான்; நெகட்டிவ் தகடு ஸ்டூடியோவில், மேல் தட்டில், முழுசாக இருந்தது.

திரும்பி ஓடினேன். ஸ்டூடியோ வாசலில் என்ஜினியர். அதிகாரியைப் பார்க்கப் போகிற வழியில் நின்றிருக்கிறார்.

"கேள்விப்பட்டேன். ஏதாவது ஏடாகூடமா பண்ணிடாதய்யா. அந்தப் படத்தைக் காட்டித்தான் அடுத்த அஞ்சு பில்டிங் சாங்ஷன் வாங்கியிருக்கேன். அஞ்சுக்கும் நீதான். நடுவுல படம் பொய்னு நீயே போய் சொன்னா உன்னை எவன் கூப்பிடுவான்?"

இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் என் கஷ்டம். இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் நின்றேன். இருட்டறையில் இது ஒரு வசதி. நாம் நிற்பது யாருக்கும் தெரியாது. பிறகு ஓரத்தை மறைக்கும் கறுப்புக் காகிதத்தை எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் பிரிண்ட் போட்டேன்.

மருந்துத் தட்டில் முதலில் ஹால் வந்தது. அப்புறம் ஓரத்தில் ஒவ்வொருவராக வந்தார்கள். தையல்காரர், பஸ் டிக்கெட் கிழிப்பவர், பள்ளிக்கூட வாத்தியார், இன்னும் ஒரு டஜன் பேர். எல்லார் கையிலும் பேப்பரோ புத்தகமோ. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு. கடைசியாகக் கோடியில் ருக்மணியம்மா. அவலூர்பேட்டைத் தாய்மாமன் இவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு கன்னம் மட்டும் ஜன்னல் கதவு அகலம் இருந்தது.

மணி மூன்றரை. காயப் போட்டால் ஜீப் போய்விடும். ஈரத்தோடு ஒரு கண்ணாடிப் பலகையில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தால், நூலகரும் ருக்மணியம்மாவும் நிற்கிறார்கள். மறைக்க நேரமில்லை. ருக்மணியம்மா பார்த்துவிட்டார்.

"யாருய்யா இது, பூசணிக்கா?"

படத்தில் இருந்த மூக்குத்தியைப் பார்த்தார். கையில் இருந்த பத்திரிகையைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"எங்க நைனா எனக்கு மாப்பிள பாக்கறப்போ நீ படம் எடுத்திருந்தா நான் கன்னியாவே போயிருப்பேன்" என்றார்.

அந்த நேரத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஆட்கள் வெளியே நின்றதை மட்டும் காட்டினால் போதாது. ஹால் பெரிதாகத்தானே இருக்கிறது என்று அதிகாரி சொல்லிவிடுவார். ஹால் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று அளந்து காட்ட ஒரு அளவுகோல் வேண்டும். அது என் எதிரில் மூக்குத்தியோடு நின்றது.

"அக்கா, நீங்க கூட வரணும். இந்தப் படத்துக்குப் பக்கத்துல அதிகாரி முன்னாடி நிக்கணும். அவரு உங்க முகத்தையும் பாக்கணும், இதையும் பாக்கணும்."

"பத்து ஆம்பளைங்க நடுவுல, இந்த மூஞ்சிய வெச்சிக்கினா?"

"ஆமாக்கா."

தெருவைப் பார்த்தார். தன் கடையைப் பார்த்தார். "அந்த பெஞ்சு இருக்குமா?"

"தெரியல. இருக்கலாம்."

"அப்ப நட."

பங்களா வராந்தாவில் அதிகாரி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அதனால் எனக்கு இன்னும் சங்கடம். என்ஜினியர் பக்கத்து நாற்காலியில். மேசையில் கோப்பு, அதன் மேல் பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் நான் வெட்டிக் கொடுத்த படம்.

"இதை எடுத்தது நீங்கதானா? மெட்ராஸ்லகூட இப்படி ஒரு ஹால் நான் பார்த்ததில்லையே!"

அவ்வளவு பெரிய மனிதர் வாயிலிருந்து அதுவரை எனக்கு ஒரு பாராட்டும் வந்ததில்லை. அப்படியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஈரப் படத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு விநாடி நினைத்தேன். முதுகுக்குப் பின்னால் ருக்மணியம்மா நின்றிருந்தார். வழியில்லை.

"செஞ்சியிலயும் அப்படி ஹால் இல்லீங்க சார்" என்றேன். "நான் ஓரத்தை வெட்டிட்டேன். இதான் முழுப் படம்."

கண்ணாடிப் பலகையை மேசையில் வைத்தேன். தண்ணீர் சொட்டிக் கோப்பின் மேல் ஓடியது. குனிந்து பார்த்தவர், "யார் இவங்கள்லாம்?" என்றார்.

"படிச்சிக்கிட்டு இருந்தவங்க. படம் எடுக்கறதுக்காக வெளிய நிறுத்தினோம்."

என்ஜினியர், "டெக்னிக்கலா சொல்லப் போனா சார்..." என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. விட்டால் எனக்குத் தைரியம் போய்விடும்.

"சார், இந்தக் கோடியில இருக்கற அம்மாவைப் பாருங்க. எவ்ளோ அகலம்? இப்ப இவங்களைப் பாருங்க. ரெண்டும் ஒரே ஆளு. இவங்க முகத்தை இந்த லென்சு எவ்ளோ பெரிசாக்கிச்சோ, அதே கணக்குலதான் ஹாலையும் நீட்டி வெச்சிருக்குது. மல்லாட்டை மூட்டையை அடுக்கணும்னா படத்துலதான் சார் அடுக்கணும்."

ருக்மணியம்மா முன்னால் வந்து, தலையிலிருந்த முந்தானையை விலக்கி, படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆடவில்லை, அசையவில்லை. அதிகாரி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது; சிரிக்கக் கூடாது என்று காப்பி டம்ளரை எடுத்து வாயை மறைத்தார்.

"சிரிங்க சாமி, பரவால்ல" என்றார் ருக்மணியம்மா. "சிரிச்சிட்டு வந்து ஒரு தடவ நேர்ல பாருங்க. ரெண்டு நிமிசம் நடதான்."

அதிகாரி எழுந்தார். ஜீப்பில் ஏறவில்லை. நடந்தே வந்தார். நூலகத்துக்குள் நுழைந்ததும் தையல்காரரின் முழங்காலில் இடித்துக்கொண்டார். நடுவழியில் நின்று சுற்றிலும் பார்த்தார். உட்கார இடம் தேடினார், இல்லை. யாரும் எழுந்திருக்கவுமில்லை, அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு அலமாரியில் சாய்ந்து நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். பிறகு நூலகரிடம், "மூட்டைக்கு வேற இடம் பாக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரயிலைப் பிடித்தாரா என்று தெரியாது.

என்னைப் பற்றிக் கேட்கிறீர்களா? அந்த அஞ்சு கட்டடங்களையும் வேறொரு போட்டோக்காரர் எடுத்தார். அவரிடம் என்னைவிட அகலமான லென்ஸ் இருந்ததாகக் கேள்வி. நான் வெட்டிய அந்தப் படத்தை மட்டும் தலைமை அலுவலகத்திலிருந்து யாரும் கழற்றவில்லை. ரொம்ப நாள் அங்கேயே தொங்கியது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் செஞ்சியில் ஒரு மாளிகை இருப்பதாக நம்பினார்கள். என் படங்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். பெருமைப்பட்டுக்கொள்ள நான் தயார், யாரும் கேட்பதில்லை.

வெட்டுவதை நான் நிறுத்தவில்லை. உங்களையும் நிறுத்தச் சொல்லவில்லை. தாய்மாமன்கள் இன்னும் இருக்கிறார்கள். கறுப்புக் காகிதத்தை வைக்குமுன் அதற்கடியில் யார் போகிறார் என்று ஒரு தடவை பெயர் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பெயர் தெரியாவிட்டால் வெளியே போய் விசாரிப்பேன். பிரிண்ட் கொஞ்சம் தாமதமாகும். வாடிக்கைக்காரர் திட்டுவார். திட்டட்டும்.

அந்த முழுப் பிரிண்டை நூலகர் ஹாலில் மாட்ட ஆசைப்பட்டார். அது ருக்மணியம்மா படம் என்பதால், அவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது என்று எனக்குப் பட்டது. இதையாவது சரியாகச் செய்யலாமென்று அதிகாரி வந்துபோன மறுநாள் பகல் ஒன்றேகாலுக்கு நூலகத்துக்குப் போனேன். ஹால் நிறைய ஆள். கிழக்குக் கோடியில் தட்டிக்குப் பக்கத்தில் நின்று, "அக்கா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. விரல் வரி மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஆடாம, அசையாம நில்லுய்யா. இந்தப் பக்கம் முடியட்டும்."

நின்றேன். பன்னிரண்டு விநாடிக்கு மேலேயே ஆனது.